ஸ்டே

கொடைக்கானல் ஏழு ரோடு பக்கம் ஒரு டீக்கடையில் காதில் விழுந்த பேச்சு இது. “அந்தப் புதுக் கட்டடத்துக்கு ஸ்டே வாங்கியாச்சாம்ணே.” “யாருப்பா வாங்குனது? கட்டுறவரா, கேஸ் போட்டவங்களா?” எதிர்ச் சுவரில் ‘ஹோம் ஸ்டே, வெந்நீர் உண்டு’ என்று ஒரு போர்டு.

இந்த ஊரில் ஸ்டே இரண்டு வகை: ரூம் எடுத்துத் தங்குவது, கோர்ட்டில் வாங்குவது. முடியும்போது இரண்டுக்கும் ‘வெக்கேட்’ என்றே சொல்கிறார்கள். வேரும் ஒன்றுதான். லத்தீனில் ‘ஸ்டாரே’ என்றால் நிற்பது. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அங்கே ஆள் நிற்கிறார், இங்கே உத்தரவு நிற்கிறது.

பத்திரிகைகள் இதை ‘இடைக்காலத் தடை’ என்று எழுதுகின்றன. பழகிய சொல்தான், ஆனால் கொஞ்சம் மங்கல். ஒருவரைப் பார்த்து ‘கட்டாதே’ என்று கோர்ட் சொன்னாலும் நாம் தடை என்றே சொல்லிவிடுகிறோம். அதற்குச் சட்டத்தமிழில் உறுத்துக்கட்டளை என்று தனிப்பெயர் உண்டு. ஸ்டே விழுவது காகிதத்தின் மேல். சோலையை வெட்டி, ஓடையை மூடிக் கட்ட நகராட்சி அனுமதி கொடுத்துவிட்டது என்று ஊர்க்காரர்கள் உயர்நீதிமன்றத்தில் ரிட் மனுப் போட்டு ஸ்டே வாங்கினால், அனுமதி நிற்கும். விதிமீறல் என்று நகராட்சி இடிப்பு நோட்டீஸ் ஒட்டி, கட்டியவர் ஸ்டே வாங்கினால், நோட்டீஸ் நிற்கும். கூடவே கட்டடமும் நிற்கும்! டீக்கடை அண்ணன் கேட்டது அதைத்தான்.

என்னைக் கேட்டால் ‘நிறுத்திவைப்பு ஆணை’ என்பேன். நில் என்ற வேர் அதில் அப்படியே இருக்கிறது. ‘வை’ வேறு சேர்கிறது. எடுத்துவை, சொல்லிவை என்கிறோமே, பின்னால் தேவைப்படும் என்ற குறிப்போடு, அதே ‘வை’. ஸ்டேயில் அனுமதி ரத்தாவதில்லை. ஓரமாக எடுத்துவைக்கப்படுகிறது, அவ்வளவுதான். எதிர்த்தரப்பைக் கேட்காமல் கொடுத்த ஸ்டேயை விலக்கச் சொல்லி மனுப் போட்டால், உயர்நீதிமன்றம் 2 வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 226ஆம் உறுப்பு. (2004இல் மதுரைக் கிளை வந்தபின் கொடைக்கானல்காரர்கள் மதுரைக்கு இறங்கினால் போதும். ஊட்டிக்காரர்களுக்கு இன்னும் சென்னைதான்.)

அப்புறம், இந்தச் சொல்லோடு கொடைக்கானலுக்குப் பழைய கணக்கு ஒன்றும் உண்டு. 2 தளம் கட்ட அனுமதி வாங்கிய ஒரு ஓட்டல் 7 தளம் கட்டியது. 1994 மே மாதம் அரசு அதற்கு விதிவிலக்கும் கொடுத்தது. 1985இல் தொடங்கப்பட்ட பழனி மலைப் பாதுகாப்புக் குழு வழக்குப் போட, சென்னை உயர்நீதிமன்றம் விதிவிலக்கை ரத்து செய்து, கூடுதலாகக் கட்டிய 5 தளங்களை இடிக்கச் சொன்னது. 1995இல் உச்சநீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

ஓட்டலின் பெயர் ‘ப்ளசன்ட் ஸ்டே’.