நாலு மாதப் பெட்டியை அடுக்கி வைத்துப் பாருங்கள்

மாதச் சந்தாவில் வெள்ளி நகை அனுப்பும் ஒரு பெண் போன ஐப்பசியில் என் போனுக்கு ஒரு படம் அனுப்பினார். அவருடைய வாடிக்கையாளர் எடுத்த படம். அலமாரித் தட்டில் நாலு மாதப் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. நாலும் மயில்கழுத்து நிறம் என்று சொல்லி அச்சடித்தவைதான். ஆனால் ஒன்று கருத்திருந்தது, மேல் பெட்டி மட்டும் பச்சைக்குப் போய்ப் பளபளவென்று மின்னியது. படத்துக்குக் கீழே அந்த வாடிக்கையாளர், "அக்கா, இது எல்லாமே நீங்க அனுப்பினதுதானா?" என்று கேட்டிருந்தார்.

அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் சிவகாசியில் பெட்டி அச்சடிக்கும் தொழிலில் இருக்கிறேன். கடையில் நகை வாங்குகிறவர் ஒரு பெட்டி வாங்கிப் போவார், அடுத்தது ரெண்டு வருடம் கழித்து வரலாம், அதற்குள் நிறம் கொஞ்சம் மாறியிருந்தாலும் யாருக்கும் தெரியாது. சந்தாக்காரர் அப்படியில்லை. மாதா மாதம் வருகிற பெட்டியைத் தூக்கிப் போட மனம் வராமல் கம்மல், ஹேர்பின் போட்டு வரிசையாக அடுக்கி வைப்பார். போன மாதப் பெட்டி பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு நூல் வித்தியாசம் இருந்தாலும் கண்ணில் படும், அப்புறம் உள்ளே இருக்கிற வெள்ளியும் அதே தரமா என்ற சந்தேகம் வரும்.

அந்த நகைக்காரப் பெண்ணுக்கு நடந்தது இதுதான். முதல் ரெண்டு மாதம் ஆர்ட் பேப்பரில் அந்த நிறத்துக்கென்றே தனி மை கலந்து அடித்திருக்கிறார்கள். மூன்றாவது தடவை அந்தப் பேப்பர் கிடைக்கவில்லை என்று வேறு பேப்பர், அது மையைக் கூடுதலாக உறிஞ்சிக் கருத்துவிட்டது. நாலாவது தடவை வேறு அச்சகம். தனி மை இல்லாமல் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்ற வழக்கமான நாலு கலரில் அடித்து, மேலே பளபளப்பில்லாத மேட் லேமினேஷன் பிலிமுக்குப் பதில் பளபளக்கிற கிளாஸ் பிலிம் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். நாலு முறையும் அவர் வாட்ஸப்பில் வந்த போட்டோவைப் பார்த்துத்தான் "ஓகே" சொல்லியிருக்கிறார். போன் திரை தானே ஒளி விடும், பேப்பர் தன்மேல் விழுகிற ஒளியைத்தான் திருப்பிக் காட்டும். அதனால் நிறம் போனுக்குப் போன் மாறும், டியூப்லைட்டில் ஒன்று வெயிலில் ஒன்று என்று இடத்துக்கு இடமும் மாறும். தயவுசெய்து போட்டோவை வைத்து நிறத்துக்குச் சம்மதம் சொல்லாதீர்கள்.

அமெரிக்க நகை நிறுவனமான டிஃபனியின் நீலப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். நிறங்களுக்கு எண்ணும் பெயரும் கொடுக்கிற பான்டோன் பட்டியலில் அந்த நீலத்துக்கு '1837 நீலம்' என்றே பெயர், நிறுவனம் தொடங்கிய வருடம் அது. அவ்வளவு பெரிய கம்பெனி செய்ததைச் சின்ன அளவில் நாமும் செய்யலாம். நிறத்துக்கு ஒரு பான்டோன் எண் முடிவு செய்து பில்லில் எழுதச் சொல்லுங்கள். முதல் முறை அச்சடிக்கும்போது மெஷின் பக்கத்தில் நில்லுங்கள். பிடித்த ஷீட் ஒன்று, இதைவிட வெளுக்கக் கூடாது என்று ஒன்று, இதைவிடக் கருக்கக் கூடாது என்று ஒன்று, ஆக மூன்று துண்டு வெட்டி, பின்னால் தேதி போட்டு ரெண்டு பேரும் கையெழுத்திடுங்கள். லேமினேஷன் பிலிம் ஒட்டினால் நிறம் மாறும், அதனால் ஒட்டாமல் ஒரு செட், ஒட்டி ஒரு செட் வேண்டும். வெளிச்சம் படாத கவரில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அந்தத் துண்டே வெளுத்துவிடும். நிறம் அளக்கும் கருவி அச்சகத்தில் இருந்தால் டெல்டா ஈ, அதாவது ரெண்டு நிறத்துக்கு நடுவில் உள்ள வித்தியாசத்தைச் சொல்லும் எண், 2-க்குள் வேண்டும் என்று கேளுங்கள், அதற்குள் இருந்தால் சாதாரணக் கண்ணுக்கு வித்தியாசம் தெரிவது கஷ்டம்.

இன்னும் நல்ல வழி, மாதா மாதம் அச்சடிக்காமலே இருப்பது. 400 சந்தாக்காரர்கள் என்றால் வருடத்துக்கு 4,800 பெட்டி. மேலே ஒட்டுகிற பேப்பரை மொத்தமாக ஒரே மையில், ஒரே லாட் பேப்பரில் அடித்து வைத்துக்கொண்டு, பெட்டியை மட்டும் தேவைக்கு ஒட்டலாம். 400 அடித்தாலும் 4,800 அடித்தாலும் பிளேட் செலவும் மெஷின் செட் பண்ணுகிற செலவும் ஒன்றுதான். மாதத்துக்கு மாதம் புதுமை வேண்டுமென்றால் மேலே மாட்டுகிற ஸ்லீவையும் உள்ளே வைக்கிற அட்டையையும் மாற்றுங்கள். அடித்த ஷீட்டை பாலிதீனில் சுற்றித் தரையில் படாமல் வையுங்கள், மழைக்காலத்தில் ஈரம் குடித்தால் சுருண்டு ஒட்ட வராது.

எப்போது அடிப்பது என்பதும் முக்கியம். எங்கள் ஊரில் ஆடி 18 அன்று அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளியாகும். அதிலிருந்து மார்கழி வரை காலண்டர், டைரி என்று மெஷினுக்கு ஓய்வே இருக்காது. அந்த நேரத்தில் சின்ன ஆர்டர் வந்தால் எந்த மெஷின் காலியோ அதில் அவசரமாக ஏறும். சித்திரை, வைகாசியில் வாருங்கள், நின்று நிதானமாகப் பார்க்கலாம்.

விலை, முகவரி, வாடிக்கையாளர் சேவை எண், தயாரித்த மாதம், வருடம் எல்லாம் 2011-ம் வருடப் பொட்டலப் பொருள் விதிகளின்படி வெளியே இருக்க வேண்டும். அதைப் பெட்டியில் அச்சடித்துவிடாதீர்கள், மாதம் மாறினால் அத்தனையும் வீண். ஸ்டிக்கர் போதும். கூரியர் பெட்டி அளவையும் ஒரு தடவை கணக்குப் போடுங்கள். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து, வருவதைக் கிலோ எடையாக எடுத்துக்கொள்வது கூரியரில் பொதுவான வழக்கம். 20, 15, 8 என்றால் அரைக் கிலோவுக்குள் நிற்கும். உயரம் 10 ஆனால் 600 கிராம், அடுத்த கட்டணத்துக்குப் போய்விடும்.

இதெல்லாம் சரியாக இருந்து உள்ளே கோட்டை விடுகிறவர்களையும் பார்க்கிறேன். அட்டையில் கம்மலை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி அனுப்புவார்கள். ரப்பரில் கந்தகம் இருக்கிறது, வெள்ளிக்கு ஆகாது. பத்து நாள் மூடிய பெட்டியில் கிடந்தால் ரப்பர் பட்ட இடம் கோடு போட்டது போலக் கருத்துவிடும். சில ஃபோமும் சில மட்ட ரக அட்டையும் இதே வேலையைச் செய்யும். அருங்காட்சியகங்களில் காட்சிப் பெட்டி அமைக்கப் பயன்படுத்துகிற துணி, ஃபோம் போன்ற பொருட்களை உலோகத் துண்டோடு மூடிய கண்ணாடிக் குடுவையில் 60 டிகிரியில் 28 நாள் வைத்துச் சோதிப்பார்கள். 1973-ல் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆண்ட்ரூ ஆடி கொண்டுவந்த முறை அது. நீங்கள் ஃபோம் துண்டையும் தேய்த்துத் துடைத்த வெள்ளிக் காசையும் ஹார்லிக்ஸ் பாட்டிலில் மூடி, ஒரு சொட்டு தண்ணீர் விட்ட பஞ்சோடு வெதுவெதுப்பான இடத்தில் ஒரு மாதம் வையுங்கள். காசு கருத்தால் அந்த ஃபோம் வேண்டாம். ஃபோம் சப்ளை செய்கிறவர் மாறினால் மறுபடி வைத்துப் பாருங்கள்.

படம் அனுப்பிய அந்தப் பெண் இந்த வைகாசியில் நேரில் வந்தார். பழைய பெட்டிகளில் பிடித்த ஒன்றை எடுத்து வந்திருந்தார். முதல் ஷீட்டை வாசலுக்குக் கொண்டுபோய் அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "பச்சை கொஞ்சம் தூக்கலா இருக்குண்ணே" என்றார். மெஷினை நிறுத்தி, மையில் இன்னும் கொஞ்சம் நீலம் கலந்து மறுபடி ஓட்டினோம். மூன்றாவது முறை சரியாக வந்தது. ஷீட்டை வெட்டிப் பின்னால் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு செட் எடுத்துக்கொண்டோம்.