பார்க்கிங்கில் டிக்கியைத் திறக்காதீர்கள்

கல்யாணப் படம் எடுக்கக் கிளம்பும் ஒரு சின்ன போட்டோகிராஃபி டீமின் காரைத் திறந்து பார்த்தால் இரண்டு மூன்று கேமரா பாடி, லென்ஸ்களில் ஒரு 24-70, ஒரு 70-200, ஒரு 85 பிரைம், நாலு பிளாஷ், கேமரா ஆடாமல் பிடிக்கும் கிம்பல், டிரோன், லேப்டாப் என்று இருக்கும். கூட்டிப் பார்த்தால் பல நேரம் அந்த செகண்ட் ஹேண்ட் காரின் விலையையே தாண்டிவிடும். காருக்கு இன்சூரன்ஸ் கட்டாயம் என்பதால் கட்டிவிடுகிறோம். உள்ளே இருக்கும் பொருளுக்கும் கட்டியவர்களை நம் தொழிலில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

"அண்ணே, பையைக் கார்லயே வச்சிட்டு வரட்டுமா?" என்று அசிஸ்டென்ட் தம்பிகள் கேட்டால் என் முதல் பதில் வேண்டாம் என்பதுதான். ஆனால் எல்லா நாளும் அப்படிச் சொல்லிவிட முடியாது. முகூர்த்தம் முடிந்ததும் மண்டபத்து அறையைக் காலி செய்யச் சொல்வார்கள், ரிசப்ஷன் சாயங்காலம் வேறு இடத்தில் இருக்கும். நடுவில் சாப்பிட வேண்டும். ப்ரீ வெட்டிங் ஷூட் என்றால் கடற்கரை மணலில் எல்லாப் பையையும் சுமந்துகொண்டு அலைய முடியாது. சரி, வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் எப்படி வைப்பது?

ஈ.சி.ஆர். பக்கம் ஏதாவது ஒரு கடற்கரையில் காலை ஆறு மணிக்கு நின்று பாருங்கள். ஒரு கார் வந்து நிற்கும். டிக்கி திறக்கும். மூன்று பேர் குனிந்து பையின் ஜிப்பை இழுத்து, அங்கேயே லென்ஸ் மாற்றி, பேட்டரி சரிபார்த்து, "இது வேணாம்டா, உள்ளயே இருக்கட்டும்" என்று பாதியைத் திரும்ப வைப்பார்கள். ரிமோட்டை அமுக்கிவிட்டு மாப்பிள்ளை பெண்ணோடு மணலில் இறங்கிப் போனால் ஒன்றரை மணி நேரம் திரும்ப மாட்டார்கள். அந்தப் பக்கம் பைக்கில் சாய்ந்து நிற்கும் ஒருவனுக்கு இதற்குமேல் என்ன தகவல் வேண்டும்? எந்தப் பை, எவ்வளவு கனம், எங்கே இருக்கிறது, எத்தனை பேர், எந்தத் திசையில் போனார்கள் என்பதெல்லாம் நாமே காட்டியாகிவிட்டது.

ஆகவே எங்கள் டீமில் ஒரே ஒரு கட்டாய விதி. நிறுத்துகிற இடத்தில் டிக்கி திறக்கக் கூடாது. எதை எடுப்பது, எதை விடுவது என்று வீட்டிலேயே முடிவாகிவிட வேண்டும். முடியவில்லை என்றால் இரண்டு கிலோமீட்டர் முன்பே பெட்ரோல் பங்க்கில் ஓரமாக நிறுத்தி அடுக்கிக்கொள்ளலாம். தேவையான ஒரு பாடியும் இரண்டு லென்ஸும் மடிக்கு வந்துவிடும், மீதி பின்னால் போய்விடும். கடற்கரையில் இறங்கினால் கதவைச் சாத்திவிட்டு நடக்க வேண்டியதுதான். ரிமோட் சத்தத்தை மட்டும் நம்பாமல் கைப்பிடியை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போங்கள். பூட்டவிடாமல் ரிமோட் சிக்னலைத் தடுக்கும் கருவிகள் இருக்கின்றன. உடைத்த தடயமே இல்லாமல் பொருள் போனால் பிறகு இன்சூரன்ஸ்காரரிடம் நிரூபிப்பதும் பெரும்பாடு.

டிக்கியை லாக்கர் என்று நினைப்பவர்கள் டிரைவர் சீட்டுக்குக் கீழே, இடது அல்லது வலது ஓரத்தில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கிறதா என்று பாருங்கள். பல செடான்களில் அதை இழுத்தால் டிக்கி திறந்துகொள்ளும். பக்கத்துக் கண்ணாடி ஒன்றை உடைத்துக் கையை விட்டால் வேலை முடிந்தது. ஹேட்ச்பேக்கில் அந்தச் சிரமமும் இல்லை, பின்சீட்டை மடக்கினால் டிக்கியும் உள்ளறையும் ஒன்றுதான். டிக்கியில் இருப்பதை மேலே மூடிவைக்கிற அந்த அட்டைத் தட்டைப் பெரிய சாமான் ஏற்றுவதற்காகக் கழற்றி வீட்டு மாடியில் போட்டவர்கள் நிறையப் பேர். இன்றைக்கே எடுத்து மாட்டுங்கள்.

பழைய டிரைவர்கள் ஒரு வித்தை வைத்திருப்பார்கள். டிக்கி திறக்க இடமில்லாமல் சுவரை ஒட்டி ரிவர்ஸ் எடுத்து நிறுத்துவார்கள். நல்ல வழக்கம். அதோடு, குழந்தை இருக்கையை மாட்டுவதற்காகப் பின்சீட்டில் வரும் ஐசோஃபிக்ஸ் கொக்கியில் ஒரு ஸ்டீல் கேபிள் பூட்டைக் கோத்துப் பையின் கைப்பிடியோடு பிணைத்துவிடலாம். கட்டர் வைத்திருப்பவனைத் தடுக்காது. கண்ணாடியை உடைத்து, கையில் கிடைப்பதை அள்ளிக்கொண்டு ஓட வந்தவனைத் தடுக்கும்.

பிராண்டு பெயர் போட்ட மஞ்சள், சிவப்பு கேமரா ஸ்டிராப்பைச் சீட்டில் தொங்கவிடுவது வேண்டாம் என்று எல்லோரும் சொல்வார்கள். அதைவிட எனக்கு உறுத்துவது பின் கண்ணாடி ஸ்டிக்கர். ஸ்டூடியோ பெயர், கேமரா படம், போன் நம்பர் எல்லாம் பளபளவென்று ஒட்டிக்கொண்டு, உள்ளே இருப்பது தெரியக் கூடாது என்று பைமீது துண்டு போட்டு மூடுகிறோம்! விளம்பரம் வேண்டும் என்றால் இன்ஸ்டாகிராமில் போட்டுக்கொள்ளலாம்.

கறுப்பு ஃபிலிம் ஒட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: முன், பின் கண்ணாடியில் 70 சதவீதம், பக்கவாட்டில் 50 சதவீதம் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. உள்ளே எதுவுமே தெரியாத அளவுக்கு ஒட்டினால் திருடன் வருவதற்கு முன் போக்குவரத்து போலீஸ் வந்துவிடுவார்.

இனி, கார் நிற்கும்போதே, ஆள் உள்ளே இருக்கும்போதே நடப்பது. கீழே சில பத்து ரூபாய் நோட்டுகளைப் போட்டுவிட்டு "சார், உங்க பணம் விழுந்திருக்கு" என்பார்கள். பானெட்டுக்கு அடியில் ஆயில் ஒழுகுகிறது என்பார்கள். டயரைக் காட்டிக் காற்று இல்லை என்பார்கள். நாளிதழில் "கவனத்தைத் திசைதிருப்பி" என்று வரும் செய்திகள் பெரும்பாலும் இதே ரகம்தான். இறங்கிக் குனிந்து பார்க்கும் அரை நிமிடத்தில் மறுபக்கக் கதவு வழியாகப் பை போய்விடும். காரில் ஆள் இருக்கிறார் என்ற தைரியத்தில் கதவுகளைப் பூட்டாமல் விடுவதுதான் இதற்கு வழி செய்கிறது. யார் என்ன சொன்னாலும் கண்ணாடியை இறக்காமல் தலையாட்டிவிட்டு, கொஞ்ச தூரம் தள்ளி ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் நிறுத்திப் பாருங்கள். இரவு நெடுஞ்சாலை உணவகத்தில் நிறுத்தும்போதும் இப்படித்தான். ஒருவர் காரில் இருக்க, மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டு வந்து மாற்றிக்கொள்ள வேண்டும். அலுப்பாக இருக்கும்தான்.

ஹோட்டல் ஆளே காரை வாங்கி நிறுத்தித் தரும் வாலே பார்க்கிங்கில் சாவியைக் கொடுக்கும்போது பையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். வாலேயில் விட்ட காரே திருடு போனால் "உரிமையாளர் பொறுப்பு" என்று டோக்கனில் அச்சிட்டுவிட்டு ஹோட்டல் தன் அலட்சியத்திலிருந்து தப்பிக்க முடியாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது காரைப் பற்றிய வழக்கு. உள்ளே இருந்த லென்ஸுக்கும் அதே நியாயம் கிடைக்கும் என்று நம்பி யாரும் சாவியைக் கொடுக்க வேண்டாம்.

திருடனே வராவிட்டாலும் வெயில் வரும். நமக்கு வைகாசி முகூர்த்தங்கள் பாதி அக்னி நட்சத்திரத்திலேயே விழுகின்றன. காரில் விடப்படும் குழந்தைகளின் ஆபத்தை அறிய அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் செய்து 2005-ல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறியது, அதில் எண்பது சதவீதம் முதல் அரை மணி நேரத்திலேயே. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தும் பெரிய வித்தியாசம் இல்லை. நம் ஊரில் வெளியே 38 டிகிரி என்றால் உள்ளே என்ன ஆகும் என்று நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். பெரும்பாலான கேமராக்களின் கையேட்டில் போட்டிருக்கும் இயங்கு வரம்பு 40 டிகிரி.

அந்தச் சூட்டில் முதலில் அடிவாங்குவது பேட்டரி. முழு சார்ஜில் இருக்கும் லித்தியம் பேட்டரி வெந்தால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும், உப்பும். டிரோன் பேட்டரியை ஒருபோதும் காரில் விடாதீர்கள். அடுத்தது லென்ஸ். உள்ளே ஃபோகஸ் வளையத்துக்குப் போட்டிருக்கும் கிரீஸ் இளகி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அபெர்ச்சர் தகடுகளில் படியலாம். ரப்பர் பிடி தளர்ந்து கழன்று வருவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். டேஷ்போர்டும் பின் கண்ணாடி ஓரமும் நேர் வெயில் படும் இடம் என்பதால் காரிலேயே அதிகம் சுடும். முன்சீட்டுக்கு அடியில் இருக்கும் தரைதான் கொஞ்சம் பரவாயில்லை.

ஏ.சி. போட்ட காரிலிருந்து சென்னைப் புழுக்கத்தில் கேமராவை நேராக வெளியே எடுத்தால் கண்ணாடி முழுக்கப் பனி படரும். துடைக்கத் துடைக்க வரும். இறங்கப் பத்து நிமிடம் முன்பே ஏ.சி.யை அணைத்துவிட்டு, ஜிப்பைத் திறக்காமல் பையையும் வெளிச்சூட்டுக்குப் பழக விடுங்கள். அந்த ஈரத்தோடு பையை மூடி ராத்திரி முழுக்கக் காரிலேயே விட்டால், பூஞ்சைக்கு நாமே பந்தி போட்ட மாதிரி.

மெமரி கார்டு மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் காரில் இருக்கக் கூடாது. லென்ஸைக் கடன் வாங்கியாவது திரும்ப வாங்கலாம். தாலி கட்டியதை மறுபடி கட்டச் சொல்ல முடியுமா? இரண்டு கார்டு ஸ்லாட் உள்ள பாடியில் இரண்டிலும் பதிவாகும்படி வைத்து, வேலை முடிந்ததும் ஒரு செட் என் பேண்ட் பையில், இன்னொன்று தம்பியின் கழுத்தில் தொங்கும் கார்டு உறையில் போய்விடும். லேப்டாப்பில் காப்பி எடுத்தாகிவிட்டது என்று சொல்லி, அந்த லேப்டாப்பையும் கார்டையும் ஒரே பையில் போடுவது காப்பியே எடுக்காததற்குச் சமம்.

பொருள் போய்விட்டால்? செல்போனுக்கு ஐ.எம்.இ.ஐ. எண்ணை வைத்து முடக்க அரசு இணையதளம் இருக்கிறது. கேமராவுக்கு ஐ.எம்.இ.ஐ. கிடையாது. கீழே பொறித்திருக்கும் சீரியல் நம்பர்தான் கதி. ஒவ்வொரு பாடி, லென்ஸின் நம்பரையும் ஜி.எஸ்.டி. பில்லோடு சேர்த்துப் படமெடுத்து மெயிலில் போட்டு வையுங்கள். எந்த ஊரில் போனது என்று தெரியாமல் வீட்டுக்கு வந்த பிறகு கவனித்தாலும் அருகிலுள்ள காவல் நிலையத்திலேயே புகார் கொடுக்கலாம். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு, சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிய வேண்டும் என்கிறது. எஃப்.ஐ.ஆர். நகலும் இலவசம். புகார் பெற்றதற்குக் கொடுக்கும் சி.எஸ்.ஆர். ரசீதோடு மட்டும் திரும்பிவிடாதீர்கள். இன்சூரன்ஸுக்கு எஃப்.ஐ.ஆர். வேண்டும், பிறகு பொருள் கிடைக்கவில்லை என்ற போலீஸ் சான்றும் கேட்பார்கள்.

காரின் பாலிசி காரையும் அதில் பொருத்திய உதிரிகளையும் மட்டும்தான் பார்க்கும். கேமராவுக்குத் தனியாக, திருட்டு, விபத்து என்று பலதையும் சேர்த்துப் பார்க்கும் ஆல் ரிஸ்க் பாலிசி எடுக்கும்போது, காரிலிருந்து திருட்டு என்ற வரியைத் தேடிப் படியுங்கள். முழுக்க மூடிய காராக இருக்க வேண்டும், கதவு, கண்ணாடி எல்லாம் பூட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். கடற்கரையில் காற்றுக்காகக் கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி வைத்திருந்தால் அதைக் காட்டியே மறுக்கலாம். வாடகைக்கு எடுத்த லென்ஸ் உங்கள் பாலிசியில் தானாக வந்துவிடாது. எடுக்கும் கடையில் பாலிசி யார் பேரில் இருக்கிறது, உங்கள் கையில் இருக்கும்போது செல்லுமா என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொண்டு பிறகு முன்பணம் கொடுங்கள்.