கார்ல எடுபட்ட ஹைப்ரிட் ப்ளேன்ல ஏன் எடுபடல

இன்னோவா ஹைக்ராஸ், கிராண்ட் விட்டாரா மாதிரி ஸ்ட்ராங் ஹைப்ரிட் (பெட்ரோல் எஞ்சினோட, தனியாவே வண்டியை நகர்த்தக்கூடிய மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்த கார்) வாங்கினவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, ஹைவேஸை விட சிட்டி டிராஃபிக்ல மைலேஜ் நல்லா வருதுன்னு நிறைய பேர் சொல்லுவாங்க. பெட்ரோல் வண்டி ஓட்டிப் பழகினவங்களுக்கு இது தலைகீழா இருக்கும். ஆனா ஹைப்ரிட்டோட சூட்சுமமே இங்கதான் இருக்கு, அதே டெக்னாலஜி ஆகாயத்துக்குப் போனா ஏன் திணறுதுங்கறதுக்கும் பதில் இதுலயே இருக்கு.

பெட்ரோல் எஞ்சின் ஒரு அளவான ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை சுத்து), ஒரு அளவான லோடு, அதுல ஓடினாத்தான் குடிச்ச பெட்ரோலுக்கு ஒழுங்கா வேலை செய்யும். சிக்னல்ல நின்னு உறுமுறது, பம்பர் டு பம்பர் ஊர்ந்து போறது எல்லாம் அதுக்கு ஆகவே ஆகாது. 1997 டிசம்பர்ல ஜப்பான்ல விற்பனைக்கு வந்த டொயோட்டா ப்ரியஸ் இதுக்கு ஒரு அழகான வழி பண்ணுச்சு. வழக்கமான கியர்பாக்ஸ் கிடையாது, கிளட்ச் பெடலும் கிடையாது, ஒரே ஒரு பிளானெட்டரி கியர் செட்தான். நடுவுல சன் கியர், அதோட ஜெனரேட்டர் சேர்ந்திருக்கும். வெளிய வளையமா ரிங் கியர், அதோட மோட்டாரும் சக்கரமும். ரெண்டுக்கும் இடையில சுத்துற குட்டி கியர்களைப் பிடிச்சிருக்குற கேரியர்ல எஞ்சின். சன்ல 30 பல்லு, ரிங்ல 78 பல்லு, அதனால எஞ்சினோட டார்க்ல, அதாவது சுத்துற விசையில, 72% நேரா சக்கரத்துப் பக்கம் போயிடும், மிச்சம் 28% ஜெனரேட்டருக்கு. இப்போ ஜெனரேட்டரோட ஸ்பீடை மட்டும் கம்ப்யூட்டர் கூட்டிக் குறைச்சா போதும், வண்டி 30ல போனாலும் 80ல போனாலும் எஞ்சினை அதுக்குத் தோதான ஆர்பிஎம்ல வச்சுக்கலாம், தேவையில்லைன்னா மொத்தமா அணைச்சுட்டு பேட்டரியில உருளலாம், பிரேக் போடும்போது வீணாப் போற வேகத்துல ஒரு பங்கை கரண்டா திரும்ப எடுத்துக்கலாம். (மைல்ட் ஹைப்ரிட்னு விக்கிறாங்களே, அது வேற கதை. அதுல மோட்டார் எஞ்சினுக்கு லேசா கை கொடுக்கும், அவ்ளோதான், என்னைக் கேட்டா பேருக்குத்தான் ஹைப்ரிட்.)

சரி, ப்ளேனுக்கு வருவோம். அங்க சிக்னல் ஏது, டிராஃபிக் ஏது? மேல ஏறி முடிச்சதும் மணிக்கணக்கா கிட்டத்தட்ட ஒரே பவர்தான், எஞ்சினையே அந்த ஓட்டத்துக்குன்னு பார்த்துப் பார்த்துத்தான் செதுக்கியிருப்பாங்க. பிரேக்ல கரண்ட் எடுக்கறதுக்கும் பெருசா வழியில்ல. ஆக கார்ல ஹைப்ரிட் எதையெல்லாம் மிச்சம் பிடிச்சுதோ அதெல்லாம் இங்க முதல்லயே வீணாகல, ஆனா மோட்டார், ஜெனரேட்டர், பேட்டரி எடை மட்டும் தலையில ஏறிடும்.

அந்த எடை சும்மா இல்ல. ஒரு கிலோ ஜெட் எரிபொருள்ல சுமார் 12 கிலோவாட் அவர் எனர்ஜி இருக்கு, பேட்டரி பேக்ல கிலோவுக்கு 0.2 பக்கம்தான். எஞ்சின் பாதிக்கு மேல சூடா வீணாக்குது, மோட்டார் 90%க்கு மேல உருப்படியா பயன்படுத்துதுன்னு கணக்குல சேர்த்தாலும் 20 மடங்கு வித்தியாசம் இருக்கும். அதோட எரிபொருள் எரிய எரிய ப்ளேன் லேசாகிட்டே போகும், பேட்டரி தீர்ந்தாலும் அதே கனத்தோடதான் இறங்கணும். 2020ல ஐரோப்பாவுல முதல் முதலா டைப் சர்ட்டிஃபிகேட் (இந்த டிசைன் பறக்கப் பாதுகாப்பானதுங்கற அரசு சான்று) வாங்கின எலக்ட்ரிக் விமானம் பிபிஸ்ட்ரெல் வெலிஸ் எலெக்ட்ரோ, ரெண்டே சீட்டு, பறக்கறது 50 நிமிஷம் போல. ட்ரெய்னிங்குக்கு அருமை, ஊருக்குப் போக ஆகாது.

ஏர்பஸ், ரோல்ஸ் ராய்ஸ், சீமென்ஸ் மூணு பேரும் சேர்ந்து 2017ல இ-ஃபேன் எக்ஸ்னு ஒரு ஹைப்ரிட் ப்ளேனை அறிவிச்சாங்க, நாலு எஞ்சின் இருக்குற பிஏஇ 146ங்கற பயணிகள் ஜெட்ல ஒரு எஞ்சினைக் கழட்டிட்டு 2 மெகாவாட் மோட்டார் மாட்டுறதா திட்டம். 2020 ஏப்ரல்ல, ஒரு தடவை கூட பறக்காமலே கைவிட்டுட்டாங்க.

அதுக்காக ஹைப்ரிட் ப்ளேனே வேண்டாம்னு சொல்ல வரல, அது உதவுற இடம் வேற. இறங்க வேண்டிய இடத்துல இறங்க முடியலைன்னா சுத்திட்டு இருக்கவோ வேற ஏர்போர்ட்டுக்குப் போகவோ எல்லா விமானமும் ரிசர்வா கொஞ்சம் எரிபொருளோ சார்ஜோ மிச்சம் வச்சிருக்கணும்னு ரூல் இருக்கு. பேட்டரி ப்ளேன்ல இருக்கறதே கொஞ்சம், அதுலயும் பெரும்பங்கை தொடாம வச்சா எங்க போறது? ஸ்வீடன்ல ஆரம்பிச்ச ஹார்ட் ஏரோஸ்பேஸ் முதல்ல 19 சீட்டுல முழு பேட்டரி விமானம்தான் டிசைன் பண்ணுச்சு, 2022ல அதை விட்டுட்டு 30 சீட்டு இஎஸ்-30க்கு மாறுச்சு. பேட்டரியில மட்டும் 200 கிலோமீட்டர், ஹைப்ரிட்ல 400ங்கறது இலக்கு. எரிபொருளை அவசரத்துக்குன்னு ஒதுக்கிட்டா பேட்டரியைத் தைரியமா செலவு பண்ணலாம், அந்த எரிபொருளை பெரும்பாலான நாள்ல தொடவே வேண்டியிருக்காது. கார் ஹைப்ரிட்ல பெட்ரோல் முக்கியம், பேட்டரி துணை, அதுக்கு நேர் எதிர் யோசனை இது, எனக்கு ரொம்பப் பிடிச்சதும் இதுதான்.

நம்ம சென்னை ஐஐடியில பிறந்த இ-ப்ளேன் கம்பெனி பண்ற மாதிரி செங்குத்தா ஏறி இறங்குற ஏர் டாக்ஸியில தலைவலி இன்னொரு ரகம். ரெக்கை தாங்கிக்கிட்டா முன்னால போக பவர் கம்மி போதும், அந்தரத்துல நிக்கத்தான் பல மடங்கு வேணும். அந்த அந்தரத்து வேலை கடைசியில, இறங்கும்போது வருது, அப்போ பேட்டரி பாதிக்கும் கீழ வடிஞ்சு வோல்டேஜ் தொங்கிப் போயிருக்கும், அதே பவருக்கு கூடுதல் கரண்ட் இழுக்கணும், பேட்டரி செல் சூடாகும். அதனால ஏர் டாக்ஸி எத்தனை கிலோமீட்டர் போகும்னு விளம்பரத்துல போட்டா, இறங்கறதுக்கு எவ்வளவு சார்ஜ் ஒதுக்கின கணக்கு அதுன்னுதான் முதல்ல கேக்கணும்.