சேலம் டவுன் பஸ்: பெண்களுக்கு எதில் டிக்கெட் உண்டு, எதில் இல்லை?

சேலத்தில் ஒரே தடத்தில் இரண்டு டவுன் பஸ் முன்னும் பின்னுமாக வரும். ஒன்றில் பெண்களுக்குக் காசில்லை, இன்னொன்றில் உண்டு. இரண்டாவது தனியார் வண்டி, அவ்வளவுதான்.

பெண்கள் காசில்லாமல் போகும் விடியல் பயணத் திட்டம் 2021 மே 8 முதல் நடப்பில் இருக்கிறது. அரசுப் போக்குவரத்துக் கழகம் ஓட்டும் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளுக்கு மட்டும்தான் அது. ரேஷன் கார்டு, வருமானச் சான்று எதுவும் கேட்க மாட்டார்கள். திருநங்கைகளுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், அவர்களோடு வரும் துணையாள் ஒருவருக்கும் அதே ஆண்டில் சலுகை நீட்டிக்கப்பட்டது. காசில்லை என்றாலும் கட்டணமில்லா டிக்கெட் உண்டு, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தனியார் பஸ்ஸுக்கும் மினி பஸ்ஸுக்கும் இந்தத் திட்டம் கிடையாது. கழகங்களுக்கு வரும் இழப்பை அரசு ஈடுகட்டுகிறது. தொடக்கத்திலேயே அதற்கு 1,200 கோடி ரூபாய் அறிவித்தார்கள். தனியாருக்கு அப்படி எதுவும் இல்லை. அதனால் அந்தக் கண்டக்டர் காசு கேட்பது அடாவடி இல்லை. அதற்காக வாய்க்கு வந்த கட்டணத்தையும் வாங்கிவிட முடியாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, பஸ் கட்டணத்தை முடிவு செய்வது மாநில அரசு. எந்தத் தடம், எந்த நேரம், நாளுக்கு எத்தனை நடை என்பதெல்லாம் பெர்மிட்டின் நிபந்தனைகளில் வரும். கூட்டமில்லை என்று ராத்திரி கடைசி நடையை ஓட்டாமல் விட்டால் அது நிபந்தனை மீறல். பெர்மிட்டை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ சட்டத்தில் இடமிருக்கிறது. வண்டி எண், தேதி, நேரம் குறித்து ஆர்.டி.ஓ. (வட்டாரப் போக்குவரத்து) அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். நம் ஆட்கள் பலர் கண்டக்டரோடு சண்டை போட்டுவிட்டு இறங்கிப் போய்விடுகிறார்கள். அந்தச் சண்டை எந்தக் கோப்பிலும் ஏறாது.

சரி, அரசு பஸ் என்றாலே இலவசமா? அதுவும் இல்லை. அயோத்தியாப்பட்டணம் போக டவுன் பஸ் ஏறினால் காசில்லை. அவசரத்தில் ஆத்தூர் போகிற ரூட் பஸ்ஸில் தொற்றிக்கொண்டால், அது அரசு வண்டியே ஆனாலும் டிக்கெட் எடுக்க வேண்டும். போர்டைப் பார்த்து ஏறுங்கள்.

ஏற்காடு போகிறவர்கள் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏறுவது நல்லது. மலைப்பகுதிகளுக்கும் திட்டம் விரியும் என்று 2024 பிப்ரவரி பட்ஜெட்டில் சொன்னபோது, பெயர் குறித்த இடங்கள் நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை. அடிவாரம் வரைதான் வேலை என்றால் அரசு டவுன் பஸ்ஸே போதும்.