புல் பற்றினால் காற்று எழும்: ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’ உலகம் இயங்கும் விதம்

மலைச்சரிவில் ஒரு எதிரி முகாம். பொகோப்ளின் என்கிற அரக்கப் பிராணிகள் நான்கைந்து அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கின்றன. என் கையில் இருப்பது எப்போது உடையுமோ என்றிருக்கிற ஒரு மரத்தடி, ஒரு வில், கொஞ்சம் அம்புகள். நேராகப் போய் மோதினால் இரண்டே அடியில் கதை முடிந்துவிடும். கீழே முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த புல். அதில் ஒரு நெருப்பு அம்பை விட்டேன். புல் பற்றியது, தீ பரவியது, அனல் மேலே எழுந்தது. அந்த அனலில் பாராகிளைடர் என்ற துணி இறக்கையை விரித்ததும், நான் ஆட்டுவிக்கும் கதாநாயகன் லிங்க் ஜிவ்வென்று வானத்துக்குப் போனான். அந்தரத்தில் வில்லை இழுத்தால் இந்த விளையாட்டில் நேரம் மெல்ல நகரும். மேலிருந்து ஒவ்வொன்றாகக் குறிவைத்தேன்.

‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்’ என்ற வீடியோ கேமை விளையாடிய எவரிடமும் இப்படி ஒரு கதை இருக்கும். ஒருவர் கதை இன்னொருவர் கதையைப் போல இருக்காது. காரணம், இந்தச் சண்டையை யாரும் முன்கூட்டி எழுதி வைக்கவில்லை. புல் எரியும், எரிகிற இடத்தில் காற்று மேலே எழும், காற்று பாராகிளைடரைத் தூக்கும். இந்த மூன்று விதிகள்தான் அங்கே இருந்தன. அவற்றைக் கோத்தது நான்.

2017 மார்ச் 3 அன்று நிண்டெண்டோ ஸ்விட்ச், வீ யூ ஆகிய இரண்டு கன்சோல்களுக்கும் வந்த கேம் இது. இத்தனை வருடம் கழித்தும் இதைப் பிரித்துப் பார்ப்பதில் எனக்கு ஆர்வம் குறையவில்லை. இதன் பலம் எங்கிருந்து வருகிறதோ, பெரும்பாலான பலவீனங்களும் அதே இடத்திலிருந்துதான் வருகின்றன. உள்ளே ஓடும் இயந்திரத்தைப் புரிந்துகொண்டால் இரண்டும் ஒரே நாணயத்தின் இரு பக்கம் என்று தெரியும்.

வழக்கமான ஒரு சாகச விளையாட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு கதவு இருக்கும். அதற்கு ஒரு சாவி இருக்கும். வெடிக்க வேண்டிய சுவரில் விரிசல் வரைந்திருப்பார்கள். எந்தப் பொருள் எதோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஒவ்வொன்றாக யாரோ உட்கார்ந்து நிரலில் எழுத வேண்டும். 100 பொருள்கள் இருந்தால் இரண்டிரண்டாகச் சேரும் ஜோடிகள் மட்டும் 4,950. அத்தனையையும் எழுத முடியாது. அதனால் முக்கியமான சிலதை மட்டும் எழுதிவிட்டு மற்றதை ‘ஒன்றும் நடக்காது’ என்று விட்டுவிடுவார்கள். விளையாடுகிறவர் ஏதாவது புதிதாக முயன்று பார்த்து, ஒன்றும் நடக்காமல் ஏமாறுவது இதனால்தான்.

இயக்குநர் ஹிதேமாரோ ஃபுஜிபயாஷியும் தொழில்நுட்ப இயக்குநர் தகுஹிரோ தோத்தாவும் 2017-ல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கேம் டெவலப்பர்ஸ் கான்ஃபரன்ஸில் தங்கள் வழியை விளக்கினார்கள். பொருள் எப்படி நகரும் என்று கணக்கிடுவது இயற்பியல் எஞ்சின். அதற்கு ஹாவோக் என்ற, ஏற்கெனவே பல விளையாட்டுகளில் பயன்பட்ட மென்பொருளை எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பக்கத்தில் இன்னொன்றைத் தாங்களே கட்டினார்கள். அதற்கு வைத்த பெயர் வேதியியல் எஞ்சின். பொருளின் நிலை எப்படி மாறும் என்பது அதன் பொறுப்பு. எரிகிறதா, நனைந்திருக்கிறதா, உறைந்திருக்கிறதா, மின்சாரம் பாய்கிறதா என்பதையெல்லாம் அதுதான் பார்த்துக்கொள்ளும்.

இந்த வேதியியலுக்கு மொத்தம் மூன்றே விதிகள். உலகத்தில் உள்ளதையெல்லாம் இரண்டு கட்சியாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் தீ, நீர், பனி, மின்சாரம், காற்று என்கிற பூதங்கள். மறுபக்கம் மரம், இரும்பு, கல், புல், உயிர் போன்ற பொருள்கள். பூதம் பொருளின் நிலையை மாற்றலாம்: தீ மரத்தை எரிக்கும். பூதம் இன்னொரு பூதத்தின் நிலையையும் மாற்றலாம்: நீர் தீயை அணைக்கும், தீ பனியை உருக்கும். ஆனால் பொருள் இன்னொரு பொருளின் நிலையை மாற்றாது. கல்லும் மரமும் மோதினால் அது வெறும் மோதல். இயற்பியல் எஞ்சின் கவனித்துக்கொள்ளும்.

இந்த மூன்றாவது விதியில்தான் மொத்த சூட்சுமமும் இருப்பதாக நினைக்கிறேன். பொருளும் பொருளும் சேரும் ஆயிரக்கணக்கான ஜோடிகளை அது ஒரே வீச்சில் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பொருளுக்கும் சின்னச் சின்னச் சீட்டுகள் ஒட்டினால் போதும்: எரியுமா, மின்சாரம் கடத்துமா, மிதக்குமா. தீ வந்து ‘நீ வாளா, கதவா, படகா’ என்று கேட்பதில்லை. ‘நீ எரிவாயா’ என்று மட்டும் கேட்கிறது. அதனால் மரக்கேடயத்தை எரிமலைப் பக்கம் கொண்டுபோனால் முதுகிலேயே பற்றிக்கொள்கிறது. தரையில் போட்ட ஆப்பிளை நெருப்பு தொட்டால் சுட்ட ஆப்பிள் ஆகிறது. இடிமழையில் இரும்பு வாளைத் தாங்கி நின்றால் அதில் பொறி பறக்கத் தொடங்கும். கழற்றி வீசாவிட்டால் மின்னல் நம் தலையில் இறங்கும்.

மின்சாரப் புதிர்கள் உள்ள கோயில்களில் இதைக் கிட்டத்தில் பார்க்கலாம். இந்த உலகத்தில் ஷ்ரைன் எனப்படும் புதிர்க்கோயில்கள் 120 இருக்கின்றன. சிலவற்றில் மின்சுற்றில் ஒரு இடைவெளி இருக்கும். புதிரை வடிவமைத்தவர் அங்கேயே ஓர் இரும்புப் பெட்டியை வைத்திருப்பார். காந்த சக்தியால் அதைத் தூக்கி இடைவெளியில் வைக்க வேண்டும். அதற்குப் பதிலாக பையில் இருக்கிற இரும்பு வாள்களை வரிசையாகத் தரையில் போட்டாலும் மின்சாரம் பாயும். கதவு திறக்கும். முதல் முறை அப்படித் திறந்தபோது ஏதோ திருட்டு வேலை செய்துவிட்டதாக நினைத்தேன். இல்லை. ‘கடத்தும்’ என்ற சீட்டு பெட்டியிலும் இருக்கிறது, வாளிலும் இருக்கிறது. சுற்றுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இயற்பியலை மட்டும் அப்படியே நிஜமாக வைக்கவில்லை, வேண்டிய இடத்தில் வளைத்திருக்கிறார்கள். ஸ்டாசிஸ் என்றொரு சக்தி இதற்கு நல்ல உதாரணம். ஒரு பாறையை அசையாமல் நிறுத்திவிட்டு அதைச் சுத்தியலால் அடிக்க அடிக்க, அடியின் வேகம் முழுவதும் உள்ளே சேர்ந்துகொண்டே போகும். பாறையின் மேல் ஒரு அம்புக்குறி தோன்றி மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறும். நேரம் முடிந்ததும் பாறை பீரங்கிக் குண்டு மாதிரி பாயும். நிஜ உலகில் நான்கு பக்கமிருந்து அடித்தால் அடிகள் ஒன்றையொன்று தின்றுவிடும். இங்கே கடைசி அடியின் திசைதான் திசை. இது பொய்தான். ஆனால் ஒரு தடவை பார்த்தாலே புரிந்துவிடுகிற, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடக்கிற பொய். நிஜத்தைவிட அதுதான் ஒரு விளையாட்டுக்கு முக்கியம்.

இவ்வளவு பெரிய திறந்தவெளியில் ஆள் தொலைந்துபோகாமல் இருப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. நிலத்தை முக்கோணங்களாக வடித்தார்கள். பெரிய முக்கோணம் என்பது தூரத்திலிருந்தே தெரிகிற மலை. நடுத்தர முக்கோணம் பார்வையை மறைக்கிற குன்று. சின்னது பாறைகளும் மேடுகளும். முக்கோணத்தின் முன்னால் நிற்பவருக்கு ஏறுவதா, சுற்றிப் போவதா என்று தானாகவே கேள்வி எழும். எந்தப் பக்கம் போனாலும் பின்னால் மறைந்திருப்பது மெல்ல மெல்ல வெளிவரும். ஒரு கோபுரத்தை நோக்கிக் கிளம்பி, வழியில் நான்கு விஷயங்கள் கண்ணில் பட்டு, கடைசியில் கோபுரத்தையே மறந்துபோவது அதனால்தான்.

சரி, இப்போது குறைகளுக்கு வருவோம்.

இந்த கேமைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வரும் புகார் ஆயுதங்கள் உடைவது. ஒவ்வொரு ஆயுதத்துக்கும் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆயுள் எண் இருக்கிறது. அடிக்க அடிக்க அது குறையும். தீரப்போகும்போது எச்சரிக்கை வரும். உடையும் அந்தக் கடைசி அடிக்கு மட்டும் இரட்டிப்புச் சேதம் கிடைக்கும். வேதியியல் எஞ்சினின் கண்ணோடு பார்த்தால் இதன் நியாயம் புரியும். உடையாத ஒரு நல்ல வாள் கையில் இருந்தால் யார் புல்லுக்குத் தீ வைப்பார்கள்? ஆயுதம் நிலைக்காது என்பதால்தான் சுற்றி என்ன இருக்கிறது என்று பார்க்கிறோம்.

முதல் இருபது மணி நேரத்துக்கு இந்த வாதம் முழுக்கச் செல்லுபடியாகிறது. அதற்கப்புறம் ஆவதில்லை என்பது என் தீர்ப்பு. பை நிறைய அருமையான வாள்கள் சேர்ந்துவிடுகின்றன. வழியில் ஒரு சாதாரண எதிரியைப் பார்த்தால், ‘இவனை அடித்து நல்ல வாள் ஒன்றை ஏன் வீணாக்க வேண்டும்’ என்று ஒதுங்கிப் போகத் தோன்றுகிறது. புதிதாகப் பெறுவதில் வரும் சந்தோஷத்தைவிட இருப்பதை இழப்பதில் வரும் வலி மனிதருக்கு அதிகம். நடத்தைப் பொருளாதாரம் வெகுநாளாகச் சொல்லிவருவது. புதுமையாகச் சண்டை போட வைக்க எழுதிய விதி, போகப் போகச் சண்டையே போடாமல் இருக்க வைக்கிறது. செல்டா விளையாட்டுகளின் புகழ்பெற்ற மாஸ்டர் வாள்கூட இந்த விதிக்குக் கட்டுப்பட்டதுதான். அது உடையாது; சக்தி தீர்ந்து, திரும்ப வரப் பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளும்.

அடுத்தது மழை. லிங்க்கால் ஏறக்குறைய எந்தச் சுவரிலும் ஏற முடியும். அவன் தெம்பைக் காட்டும் வட்டம் தீர்வதற்குள் மேலே போய்விட வேண்டும். பாறை நனைந்தால் சில எட்டுக்கு ஒருமுறை சறுக்கல். பாதி உயரத்தில் இருக்கும்போது தூறல் விழுந்தால் அத்தனை தெம்பும் வீண். இதுவும் ‘நனைந்தது’ என்ற அதே சீட்டின் வேலைதான். அதே மழை வெடி அம்பை நமுத்துப்போக வைப்பதும், மூட்டிய தீயை அணைப்பதும் ரசிக்கும்படி இருக்கிறது, ஏனென்றால் அங்கே மாற்று வழி இருக்கிறது. ஏற்றத்தில் மாற்று வழி இல்லை. ஒரு பாறையின் அடியில் ஒதுங்கி நின்று மழை விடும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருப்பது விளையாட்டு ஆகாது. 2023-ல் வந்த அடுத்த பாகமான ‘டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்’ விளையாட்டில் வழுக்கலைத் தடுக்கும் தவளை உடை ஒன்றைச் சேர்த்தார்கள். முதல் பாகத்திலேயே இருந்திருக்க வேண்டியது அது.

எதிரிகளின் வகை குறைவு. நிறம் மாறிய அதே முகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. தெய்வ விலங்குகள் எனப்படும் நான்கு ராட்சத இயந்திரங்களின் உள்ளேயும் தோற்றம் ஒரே மாதிரி. சமைக்கும்போது ஒவ்வொரு உணவுக்கும் பையைத் திறந்து பொருளைத் தனித்தனியாக எடுக்க வேண்டியிருப்பது எரிச்சல். சண்டையை நடுவில் நிறுத்திவிட்டு இஷ்டத்துக்குச் சாப்பிட்டு உயிரை நிரப்பிக்கொள்ளலாம் என்பதால் கடினமான சண்டைகளின் பதற்றமும் பாதியாகிவிடுகிறது.

கன்சோல் திணறும் இடங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டிவி திரை வினாடிக்கு 60 முறை புதுப்பித்துக்கொள்கிறது, அதாவது சுமார் 16.7 மில்லிவினாடிக்கு ஒரு முறை. இந்த கேம் இரண்டு புதுப்பித்தலுக்கு ஒரு படம் என்ற கணக்கில் வினாடிக்கு 30 படம் வரைகிறது. ஆக, ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 33.3 மில்லிவினாடி. அதற்குள் தீ எங்கே பரவியது, பாறை எங்கே உருண்டது, எந்தப் புல் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று எல்லாம் கணக்கிட்டு, வரைந்தும் முடிக்க வேண்டும். கணக்கு 34 மில்லிவினாடி ஆகிவிட்டால்? அரைகுறைப் படத்தைக் காட்டினால் திரையில் கிழிசல் தெரியும். அதனால் அடுத்த புதுப்பித்தலுக்காக 50-வது மில்லிவினாடிவரை காத்திருக்க வேண்டும். பேருந்தை ஒரு நிமிடத்தில் தவறவிட்டு அடுத்த பேருந்துக்காக நிற்பது மாதிரிதான். வினாடிக்கு 30 படம் என்பது 29 ஆவதில்லை, 20-க்கு இறங்கிவிடுகிறது. இலையும் புல்லும் அடர்ந்த கோரோக் காட்டில் நடக்கும்போது, வெளியான புதிதில், இந்த இழுவையைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. பின்னர் வந்த புதுப்பிப்பு ஓரளவு சரிசெய்தது.

நினைவகத்துக்கும் இதே நெருக்கடிதான். ஸ்விட்ச்சில் இருப்பது மொத்தமே 4 ஜிபி. நாம் கொன்ற எதிரி, எடுத்த ஆயுதம் என்று எல்லாவற்றையும் உலகம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். விளையாட்டில் ஒரு நாள் என்பது நமக்கு 24 நிமிடம். அப்படி ஏழு நாள், நம் கணக்கில் 168 நிமிடம் விளையாடிய பிறகு ஒரு நள்ளிரவில் செந்நிலவு எழும்பும். வானம் சிவக்கும், சாம்பல் பறக்கும், செத்த எதிரிகள் எல்லாம் எழுந்து நிற்கும். கதையில் அதற்கொரு காரணம் சொல்கிறார்கள். உள்ளே நடப்பது, அதுவரை சேர்ந்த ‘இவன் செத்துவிட்டான்’ குறிப்புகளை அழிப்பது.

நிரலை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்த ஆர்வலர்கள் இன்னொன்றையும் கண்டுபிடித்தார்கள். ஒரே இடத்தில் அளவுக்கு மீறிப் பொருள்களைக் குவித்து, வெடித்து, எரித்துக்கொண்டிருந்தால், நினைவகம் தீரும் நிலைக்கு வந்துவிடும். மற்ற விளையாட்டுகள் அந்த நேரத்தில் உறைந்துபோகும், அல்லது மூடிக்கொள்ளும். இங்கே நிலவைக் கூப்பிடுகிறார்கள். ஏழு நாள் ஆகியிருக்க வேண்டியதில்லை, இரவாகவும் இருக்க வேண்டியதில்லை. நடுப்பகல் வெயிலில், சண்டையின் உச்சத்தில், திடீரென்று வானம் சிவந்து செந்நிலவு எழும்புகிறது. அந்தக் காட்சி ஓடுகிற சில வினாடிக்குள் கன்சோல் தன் சுமையை இறக்கி வைத்துவிட்டு, எல்லா எதிரிகளோடும் உலகத்தைத் திரும்பக் கொடுக்கிறது.