கர்ப்பிணிகளுக்கு இலவச இரும்பு ஊசி: யாருக்கு, எவ்வளவு, எங்கே கவனம்

அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிக்கு ஏற்றும் அந்தப் பழுப்பு நிற ட்ரிப்ஸ் சாதாரண இரும்புக் கரைசல் அல்ல. சில நானோமீட்டர் அளவுள்ள இரும்புத் துகள்கள். ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு கார்போஹைட்ரேட் உறை. அயர்ன் சுக்ரோஸ் மருந்தில் அந்த உறை சுக்ரோஸ், எஃப்.சி.எம். (ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ்) மருந்தில் கார்பாக்சிமால்டோஸ். உலோக நானோதுகள் மருத்துவம் என்றதும் தங்கம், வெள்ளி என்று பேச்சு போகிறது. நம் ஊர் மருத்துவமனைகளில் அன்றாடம் நரம்பில் ஏறுவது இந்த இரும்புதான்.

2018-ல் தொடங்கிய, ரத்தசோகையை ஒழிப்பதற்கான மத்திய அரசின் அனீமியா முக்த் பாரத் திட்டத்தின்படி, கர்ப்பிணியின் ஹீமோகுளோபின் (ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு) 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. 7 முதல் 10.9 வரை இருந்தால் முதலில் மாத்திரைதான்: 60 மி.கி. இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை, தினம் இரண்டு. ஒரு மாதத்தில் 1 கிராம்கூட ஏறவில்லை என்றால் மேல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். பிரசவ நாள் நெருங்கியபின் ரத்தசோகை தெரியவந்தாலோ, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட மாட்டார் என்று தோன்றினாலோ நேரடியாக ஊசிக்குப் போகலாம். 5 முதல் 6.9 வரை இருந்தால் மருத்துவர் பார்வையில் ஊசி. 5-க்குக் கீழே என்றால் எந்த மாதமானாலும் உடனே அட்மிஷன். ரத்தம் ஏற்ற வேண்டிவரும். 7-க்குக் கீழே இருந்து கடைசி மூன்று மாதத்தில் இருப்பவரும் படுக்கையில் சேர வேண்டும். முதல் மூன்று மாதத்தில் யாருக்கும் இந்த ஊசி கூடாது.

மருந்து, ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் ரத்தம் எல்லாம் 2011 முதல் நடப்பிலுள்ள ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் இலவசம். வெளியே வாங்கி வரச் சொல்வது விதிக்குப் புறம்பு. போகும்போது தாய் சேய் நல அட்டையும் பழைய ஹீமோகுளோபின் ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும்.

எவ்வளவு ஏற்றுவது என்பதற்குக் கணக்கு உண்டு. கர்ப்பத்துக்கு முந்தைய எடையை, 11-க்கும் இப்போதைய அளவுக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி, அதை 2.4-ஆல் பெருக்கி, உடலின் இரும்புச் சேமிப்புக்கு 500 கூட்டுவது. 50 கிலோ, ஹீமோகுளோபின் 7 என்றால் 480 + 500 = 980 மி.கி. அயர்ன் சுக்ரோஸில் ஒரு தடவைக்கு 200 மி.கி., வாரத்துக்கு மூன்று தடவைக்கு மேல் இல்லை; ஆக ஐந்து தடவை வர வேண்டும். எஃப்.சி.எம்.மில் ஒரே தடவை 1000 மி.கி. வரை, கிலோவுக்கு 20 மி.கி.யைத் தாண்டாமல், குறைந்தது 15 நிமிடத்தில் ஏற்றலாம். ஊருக்கும் ஆஸ்பத்திரிக்கும் பஸ்ஸில் அலைபவருக்கு இதுவே உசிதம். கணக்கே போடாமல் எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கையில் ஏற்றினால் ஒருவருக்குப் போதாது, இன்னொருவருக்கு மிஞ்சும்.

நச்சுத்தன்மை எங்கிருந்து வருகிறது? உறை கலையாமல் இருக்கும்வரை கல்லீரல், மண்ணீரல் செல்கள் துகளை விழுங்கி, இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். வேகமாக ஏற்றினாலோ, அளவு கூடினாலோ, இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் புரதம் நிரம்பிவிடும். மிச்ச இரும்பு ரத்தத்தில் தனியாகத் திரிந்து செல்களைத் தாக்கும். வாந்தி வரும், பிரஷர் இறங்கும். அதனால்தான் 200 மி.கி. சுக்ரோஸை 0.9 சதவீத சலைனில் மட்டும் கலந்து அரை மணி நேரம் ஓடவிடுகிறார்கள். குளுக்கோஸ் பாட்டிலில் கலக்கக் கூடாது. சலைனையும் அளவுக்கு மீறிச் சேர்க்கக் கூடாது. ஒரு மில்லிக்கு 1 மி.கி.க்குக் கீழே நீர்த்தால் துகளின் நிலைப்பு கெடும். நரம்புக்கு வெளியே கசிந்தால் தோலில் பழுப்புக் கறை மாதக்கணக்கில் நிற்கும். ஆகவே ஊசி போட்ட இடம் எரிந்தாலே சொல்லிவிடுங்கள்.

காய்ச்சலோ கிருமித் தொற்றோ இருக்கும்போது ஊசியைத் தள்ளிப்போட வேண்டும். கிருமிக்கும் இரும்பு தீனி. தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ளவருக்கு இரும்புக் குறைபாடு உறுதியாகாமல் கொடுக்கக் கூடாது. மாத்திரையை ஊசி நாட்களில் நிறுத்திவிட்டு, கடைசி ஊசிக்கு ஐந்து நாள் கழித்துத் தொடரலாம். எஃப்.சி.எம். திரும்பத் திரும்பப் போட்டால் ரத்தத்தில் பாஸ்பேட் என்ற தாதுச்சத்து குறையலாம். எலும்பு வலி, கடும் சோர்வு தெரிந்தால் பரிசோதிக்கக் கேளுங்கள்.

ஒவ்வாமை அபூர்வம், ஆனால் உயிருக்கே ஆபத்து. துளி மருந்து போட்டுப் பார்க்கும் 'டெஸ்ட் டோஸ்' இதில் நம்பத்தக்கதல்ல. ஐரோப்பிய மருந்து முகமை 2013-லேயே அதைக் கைவிடச் சொல்லிவிட்டது. பதிலாக ஒவ்வொரு தடவையும் ஊசி முடிந்து 30 நிமிடம் கண்காணிப்பு. முதல் தடவை ஒன்றும் ஆகவில்லையே என்று இரண்டாவது தடவை உடனே எழுந்து போகாதீர்கள். முகம் சிவந்து, நெஞ்சு, முதுகு இறுகி, பிரஷர் மாறாமல் இருந்தால் ஊசியை நிறுத்தினாலே பெரும்பாலும் அடங்கும். மூச்சுத் திணறல், உதடு வீக்கம், மயக்கம் என்றால் தாமதிக்காமல் தொடையில் அட்ரினலின் 0.5 மி.கி. அந்த மருந்து தயாராக இல்லாத இடத்தில் இரும்பு ஊசி போடவே கூடாது.

வீட்டுக்குப் போனபின் பக்கவிளைவு தெரிந்தால் நோயாளியே நேரடியாகப் புகார் பதியலாம்: மருந்துகளின் பக்கவிளைவைக் கண்காணிக்கும் இந்திய மருந்து விழிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024. மருந்தின் பெயர், பேட்ச் எண், ஏற்றிய தேதி கேட்பார்கள். ஊசி போடும் அன்றே பாட்டில் லேபிளைப் பார்த்து அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.