மொத்த மதிப்பெண்ணில் ஆர்வம் தெரியாது

'உங்கள் வகுப்பில் யாருக்குக் கணக்கில் ஆர்வம்?' என்று ஆசிரியர்களைக் கேட்டால், எப்போதும் கை தூக்கும் பிள்ளைகளின் பெயர்கள்தான் முதலில் வரும். அடுத்து, நல்ல மார்க் வாங்குகிறவர்கள். ஆனால் மார்க் வேறு, ஆர்வம் வேறு. 4 ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் டிம்ஸ் என்ற பன்னாட்டு ஆய்வில் ஜப்பானும் தென் கொரியாவும் மதிப்பெண்ணில் முன்வரிசை. கணக்கு பிடிக்கும் என்று சொல்லும் பிள்ளைகளின் விகிதத்திலோ கடைசிப் பக்கம்.

சரி, கேள்வித்தாள் கொடுத்து அளக்கலாமே? அளக்கலாம். அறிவியலுக்கு 2011இல் ஷான் கிளின் குழுவினர் வெளியிட்ட கேள்வித்தாள் பரவலாகப் புழங்குகிறது. மொத்தம் 25 வாக்கியங்கள். ஒவ்வொன்றும் தனக்கு எவ்வளவு பொருந்தும் என்று பிள்ளையே 0 முதல் 4 வரை எண் போட வேண்டும். உள்ளார்ந்த ஆர்வம், தன்னால் முடியும் என்ற நம்பிக்கை, தானாக முயலும் பழக்கம், வேலை வாய்ப்பு, மார்க் ஆசை என்று 5 பிரிவுகள். பலர் தடுக்கி விழுவது இதற்கு அப்புறம்தான்: ஐந்தையும் கூட்டி ஒரே எண்ணாக்கிவிடுகிறார்கள்.

இரண்டு பேருக்கும் 100க்கு 60 என்று வைத்துக்கொள்வோம். ஒருத்திக்கு ஆர்வம் 20க்கு 17, நம்பிக்கை 6. இன்னொருவனுக்கு ஆர்வம் 5, மார்க் ஆசை 19. அவளுக்குத் தேவை, தானே போட்டு முடிக்கக்கூடிய சின்னச் சின்னக் கணக்குகள். அவனுக்கோ, தேர்வில் வராத ஒரு கேள்வியைத் தோண்டிப் பார்க்கும் நேரம். இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து உற்சாகமூட்டும் உரை ஆற்றுவதில் எனக்கு நம்பிக்கையில்லை.

விடைத்தாள் திருப்பிக் கொடுத்த மறுநாள் இந்தக் கேள்வித்தாளை நீட்டாதீர்கள். வருவது அன்றைய கோபம்தான். பெயர் எழுதச் சொன்னால் ஆசிரியருக்குப் பிடித்த பதில் வரும். ஆளுக்கொரு ரகசிய எண் போதும். 'அறிவியல்' என்று மொத்தமாகக் கேட்பதும் சிக்கல். உயிரியல் என்றால் முகம் மலர்கிறவளுக்கு இயற்பியல் என்றாலே வயிற்றைக் கலக்கலாம்.

கேள்வித்தாளே வேண்டாம் என்றால், கணக்கைப் போட்டு முடித்ததும், விடையைப் பார்க்குமுன், 'இதே மாதிரி இன்னொன்று தந்தால் போட்டுவிடுவாயா?' என்று கேட்டு ஓரத்தில் 0 முதல் 10 வரை ஒரு எண் எழுதச் சொல்லுங்கள். தப்பாகப் போட்டு 9 எழுதுகிறவனைத் திருத்தும்போதே கண்டுபிடித்துவிடுவீர்கள். சரியாகப் போட்டு 3 எழுதுகிறவளைத்தான் வெறும் மார்க் பட்டியல் மறைத்துவிடும்.